ஊதா நிற மெஷின் ஹெட் நேராகிவிட்டது

ஒரு வழியாக நேராகிவிட்டது. டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பம், லிமிடெட் எடிஷன் ஊதா நிற மறுபதிப்பு. கூரியரில் நெளிந்து வந்த வினைல் இசைத்தட்டு. இரண்டு பக்கமும் ஊசி துள்ளாமல் ஓடுகிறது. நேற்று ராத்திரி முழுசாகக் கேட்டு முடித்த சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

வந்து சேர்ந்த நிலையைச் சொன்னால்தான் இந்தச் சந்தோஷம் புரியும். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெயிலில் பூட்டிய கூரியர் வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அட்டையில் ஒரு மூலைகூட மடங்கவில்லை, மேலே ஒட்டிய ஸ்டிக்கரும் பிரியவில்லை. உள்ளே தட்டு மட்டும் அப்பளம் போல நெளிந்து கிடந்தது. விற்றவரைக் கேட்டால் கூரியர்க்காரரைக் கேளுங்கள் என்றார். கூரியரில் கேட்டால் பேக்கிங் சரியில்லை என்றார்கள். மாற்றித் தர விற்றவரிடம் இன்னொரு பிரதியும் இல்லை. கருப்புத் தட்டு என்றால் வேறு கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கலர் பதிப்பில் அது நடக்காது. ஸ்டாக் தீர்ந்தால் தீர்ந்ததுதான், அப்புறம் கைமாறிக் கைமாறி இரண்டு மடங்கு விலைக்குத்தான் கிடைக்கும்.

நெளிவு வெளி ஓரத்தில் இருந்ததுதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். ஊசி வெளியிலிருந்து உள்ளே போவதால், ஓர நெளிவு அடிப்பது ஒவ்வொரு பக்கத்தின் முதல் பாட்டைத்தான். இந்த ஆல்பத்தில் முதல் பக்கம் 'ஹைவே ஸ்டார்', இரண்டாம் பக்கம் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. வேறு எந்த இடத்தில் நெளிந்திருந்தாலும் மனசு ஆறியிருக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 1.8 விநாடிக்கு ஒரு தடவை ஸ்பீக்கர் கூம்பு முன்னே தள்ளிப் பின்னே இழுத்தது, ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம் மேலே ஏறி இறங்கியது. ஏறுகிற இடத்தில் பேஸ் கனக்கும், இறங்குகிற இடத்தில் ஊசி அந்தரத்தில் நின்று தாவும். ஊசி பொருத்திய என் காட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா விஎம்95இ, அதற்கு 2 கிராம் அழுத்தம் வைக்கச் சொல்கிறார்கள். 2.2 வரை ஏற்றிப் பார்த்தேன், தாவுவது நின்றபாடில்லை. அதற்கு மேல் ஏற்றி ஊசியையும், பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தையும் சேர்த்துத் தேய்க்க எனக்கு விருப்பமில்லை.

மொட்டை மாடியில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்துவிடு, நம்ம ஊர் வெயில் போதும் என்று பலர் சொன்னார்கள். கலர் தட்டுக்கு அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நேர் வெயில் சாயத்தை வெளுக்க வைக்கும். கண்ணாடிக்கு அடியில் சூடு எவ்வளவு ஏறும் என்பதும் நம் கையில் இல்லை. எல்பி என்கிற இந்தப் பெரிய தட்டு சுத்தமான பிவிசி அல்ல, வினைல் அசிடேட் கலந்த பிவிசி, அதனால் சீக்கிரமே இளகும். 60 டிகிரியைத் தாண்டிவிட்டால் தட்டு நேராகும், ஆனால் பள்ளம் மழுங்கிப் பாட்டு போய்விடும். நமக்கு வேண்டியது 55-க்கும் 58-க்கும் நடுவே ஆடாமல் நிற்கிற சூடு.

அதற்கு வழி கோழி வளர்ப்பவர்களிடம் கிடைத்தது. முட்டை பொரிக்க வீட்டிலேயே பெட்டி செய்கிறார்களே, அதே ஏற்பாடுதான்: பெரிய தெர்மாகோல் பெட்டி, இரண்டு 40 வாட் குண்டு பல்பு, காற்றைச் சுற்றிவிடக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன், டபிள்யூ1209 என்ற சூடு கட்டுப்படுத்தும் போர்டு. முட்டைக்கு 37.5 டிகிரி வைப்பார்கள், நான் 57 வைத்தேன். தெர்மாகோல் அந்தச் சூட்டைத் தாங்கும், ஆனால் பல்பு அதன்மேல் படக் கூடாது. பல்புக்கும் தெர்மாகோலுக்கும் இடையில் தகரம் கட்டாயம். பெட்டி ஓடும்போது வீட்டை விட்டு வெளியே போகவும் கூடாது.

பெட்டியை யாரும் செய்துவிடலாம். விஷயம் கண்ணாடியில் இருக்கிறது. லாங் பஜார் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் 14 அங்குலச் சதுரத்தில், 8 மி.மீ. தடிமனில் இரண்டு கேட்டேன். கடைக்காரர், "டஃபன் போட்டுக்கோங்க சார், உடையாது" என்றார். டஃபன் என்றால் சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி. வேண்டவே வேண்டாம், சாதாரணக் கண்ணாடியே கொடுங்கள் என்று அடம்பிடித்து வாங்கினேன். டஃபன் கண்ணாடியைச் சூடாக்கி உருளைகள் மேல் ஓட்டித்தான் செய்கிறார்கள், அதில் லேசான அலை விழுந்துவிடும். டீப்பாய்க்குப் போட்டால் தெரியாது. இளகிய வினைல் அந்த அலையை அப்படியே வாங்கிக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வது, அதனால் நல்ல சமதளம். மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிட்டால் அது விரிசல் விடாது. நான்கு ஓரத்தையும் தேய்த்துத் தரச் சொல்லிவிடுங்கள், கை கிழியும்.

அந்த அளவுக் கண்ணாடி ஒன்றே இரண்டரைக் கிலோ வருகிறது. அந்த எடை போதும். மேலே செங்கல், அம்மிக்கல் எல்லாம் ஏற்றத் தேவையில்லை. பெரும்பாலான தட்டுகளில் நடு லேபிளும் வெளி விளிம்பும் பள்ளம் இருக்கும் பகுதியைவிடச் சற்று உயர்ந்திருக்கும், கண்ணாடி அந்த இரண்டு இடத்தில்தான் உட்காரும். சில 180 கிராம் தட்டுகள் முழுக்கத் தட்டையாக இருக்கும். அவற்றுக்குக் கூடுதல் எடை நிச்சயம் ஆகாது. இன்னொன்று, உள்ளுறையோடு சேர்த்து வைக்காதீர்கள். காகிதத்தின் சொரசொரப்புகூட இளகிய தட்டில் பதிந்துவிடும். தூசியும் அப்படித்தான். தட்டையும் கண்ணாடியையும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே வைத்தேன்.

அடுத்தது சூட்டை அளக்கும் சென்சார். எல்லாரும் அதைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிடுகிறார்கள். காற்று சீக்கிரம் 57-ஐத் தொட்டுவிடும். ஐந்து கிலோ கண்ணாடி அந்தச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. காற்றை நம்பி நேரம் கணக்குப் போட்டால் தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போதே பல்பை அணைத்துவிடுவோம், அப்புறம் முறை சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்போம். காற்றின் சூட்டைக் கட்டுப்படுத்த ஒன்று, கண்ணாடிக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிப் பார்ப்பதற்குத் தனியாக ஒன்று என்று இரண்டு வேண்டும். அடிக்கண்ணாடி 56-ஐத் தொட்ட பிறகுதான் என் கணக்கு ஆரம்பம். முதலில் சென்னை மூர் மார்க்கெட் பக்கம் சும்மா விலைக்கு வாங்கி வைத்திருந்த, கீறல் விழுந்த கருப்புத் தட்டு ஒன்றை வைத்துச் சோதித்தேன். அது சரியாக வந்த பிறகே ஊதாவுக்குக் கை வைத்தேன்.

பாதி வேலை ஆறவிடுவதில்தான். பல்பை அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல், கண்ணாடியை அசைக்காமல், ராத்திரி முழுக்க அப்படியே விட வேண்டும். சூட்டோடு எடுத்தால் பழைய நெளிவு திரும்ப வந்துவிடும். காலையில் எடுத்து டியூப் லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்தேன். முன்பு தட்டின் மேல் பாம்பாக வளைந்த வெளிச்சக் கோடு இப்போது விளிம்புவரை நேராக ஓடியது. தட்டைச் சுழற்றும் பிளாட்டர் மேல் வைத்து, மெக்கானிக்குகள் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் அளந்தேன். 4 மி.மீ. தூக்கியிருந்த ஓரம் இப்போது அரை மி.மீ.க்கும் கீழே. நிறம் துளியும் மங்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நாவல்பழ ஊதா.

அப்புறம் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ கசினோ எரிந்துபோக, மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒலிப்பதிவு வண்டியை வெளியே நிறுத்திப் பதிவு செய்த ஆல்பம் இது. அந்த கிடார் வரி முடிந்து டிரம்ஸின் ஹை-ஹாட் உள்ளே வரும் இடம் இருக்கிறதே, அங்கே தட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஸ்பீக்கர் கூம்பும் தேவையில்லாமல் ஆடவில்லை.

கலர் தட்டு என்றாலே இரைச்சல் என்பவர்களுக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும். கருப்புக்குக் காரணம் அதில் சேர்க்கும் கார்பன் பிளாக். மற்றபடி நல்ல அச்சில் வந்த கலர் தட்டு கருப்புக்குக் குறைந்ததல்ல. ஆர்சிஏ விக்டர் நிறுவனம் 1949-லேயே தன் 45 சுற்று வேகத் தட்டுகளை இசை வகைக்கு ஒரு நிறம் என்று விற்றது. படம் போட்ட பிக்சர் டிஸ்க் விஷயம் வேறு. படத்தின் மேல் மெல்லிய படலத்தில்தான் பள்ளமே இருக்கிறது, அது இரையத்தான் செய்யும்.

ஆனால் நான்-ஃபில், அதாவது பள்ளம் முழுதாக நிரம்பாத அச்சுக் குறை, வந்துவிட்டால் இந்தப் பெட்டியும் உதவாது. என்னிடம் நிறங்கள் தெறித்தது போன்ற ஒரு ஸ்பிளாட்டர் தட்டு இருக்கிறது, வலது பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஜிப் இழுப்பது போல டர்ர் என்கிறது. அச்சடிக்கும்போது வினைல் பள்ளத்தின் அடிவரை போய் நிரம்புவதற்குள் இறுகிவிட்டது. லூப் என்ற சின்ன உருப்பெருக்கியில் பார்த்தால் வரிசையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கழுவினாலும் போகாது, சூடாக்கினாலும் போகாது. விற்ற கடையில் "கலர்னா அப்படித்தான் சார்" என்கிறார்கள். அது உண்மையே இல்லை, முழுக்க ஆலையின் கவனக்குறைவு. வாங்கியதும் முதல் வாரத்திலேயே இரண்டு பக்கமும் ஹெட்போனில் கேட்டுவிடுங்கள், திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

லெட் செப்பெலின் குழுவின் நான்காவது ஆல்பத்துக்கு வேறு பிரச்சனை. அட்லாண்டிக் இசை நிறுவனத்தின் 75-வது ஆண்டையொட்டி வந்த நிறமில்லாத கிளியர் தட்டு, சத்தத்தில் குறையே இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கண்ணுக்குத் தெரியவில்லை, ஊசியை எங்கே இறக்குவது? அடியில் கருப்புச் சார்ட் பேப்பர் வைத்துப் பார்த்தேன், கோடு நன்றாகத் தெரிந்தது. அதனால் தட்டுக்கு அடியில் விரிக்க அடர்ந்த நிறத்தில் ஒரு தோல் மேட் செய்யலாம் என்று இருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோல் இருக்கும்போது மேட்டை வெளிநாட்டிலிருந்து எதற்கு வரவழைக்க வேண்டும்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கும் மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். மரப்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோலாக வேண்டும், எண்ணெய் ஏற்றியது கூடாது, தட்டில் கறை படியும். சாயம் ஒட்டாமலும் இருக்க வேண்டும். 2 மி.மீ. கிடைத்தால் நல்லது, டோன் ஆர்மை அதே அளவு உயர்த்திக்கொள்வேன். 3 மி.மீ. தான் இருக்கிறது என்றால் ஆர்மில் அவ்வளவு உயரம் ஏற இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.