அறுபது நிமிட நாடாவில் அடங்காத தொகுப்பு

அமெரிக்கப் பாடகியும் மைக்கேல் ஜாக்சனின் தங்கையுமான ஜானட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன் 1814' என்ற இசைத்தொகுப்பு ஏறத்தாழ 64 நிமிடம் ஓடும். இந்தக் கணக்கு என் நினைவில் தங்கியதற்குக் காரணம், 1992இல் அதை நான் 60 நிமிட நாடா ஒன்றில் பதிவு செய்து வாங்கியதுதான். கூத்தாநல்லூரைச் சேர்ந்த என் வகுப்புத் தோழனின் அத்தா சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த அசல் கேசட்டை, இரண்டே நாளில் திருப்பித் தந்துவிடுவதாகச் சத்தியம் செய்து வாங்கிக்கொண்டு, மன்னார்குடியில் பாட்டுப் பதிந்து தரும் கடைக்குப் போனேன். 90 நிமிட நாடா வாங்கக் கையிலிருந்த காசு போதவில்லை. முதல் பக்கம் மயிரிழையில் முழுதாக வந்துவிட்டது; இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் நின்றது. நின்றது என்பதுகூட எனக்கு வெகுகாலம் தெரியாது. மேல்நாட்டுப் பாட்டு இப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

தொகுப்பு வெளிவந்தது 1989 செப்டம்பர் 19 அன்று. ஜானட்டுக்கு அப்போது 23 வயது. 1986இல் வந்த அவருடைய 'கன்ட்ரோல்' பெருவெற்றி பெற்றிருந்ததால், ஏ அண்ட் எம் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அதே வார்ப்பில் இன்னொன்றை, கூடுமானால் ஜாக்சன் குடும்பத்தின் உள்வீட்டு விவகாரங்களைத் தொட்டுப் பாடும் ஒன்றை, அவரிடம் எதிர்பார்த்தது. அவர் அதற்கு இசையவில்லை. மினியாபொலிஸ் நகரில் ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற இரு இசைத் தயாரிப்பாளர்களுடைய ஒலிப்பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து, வேலைக்கு நடுவே பாட்டு அலைவரிசையையும் செய்தி அலைவரிசையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து இந்தத் தொகுப்பின் பொருள் உருவானதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். போதை, பசி, நிறவெறி, பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச்சூடு என்று ஒரு பொத்தானில் வந்தவை, அடுத்த பொத்தானில் ஆட்டம் பாட்டமாக மாறியிருக்கும். தொகுப்பின் அமைப்பும் ஏறக்குறைய அதுவேதான். பெயரில் உள்ள 1814, அமெரிக்க நாட்டுப்பண்ணின் வரிகள் எழுதப்பட்ட ஆண்டு. 'ரிதம் நேஷன்' என்பதன் முதலெழுத்துகளில் 'ஆர்' ஆங்கில நெடுங்கணக்கில் 18ஆவது எழுத்து, 'என்' 14ஆவது எழுத்து என்ற பொருத்தமும் அதில் உண்டு. நாட்டுப்பண் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது தாளத்தின் பெயரால் இன்னொரு நாட்டை அறிவிப்பது, இருபத்து மூன்று வயதுக்காரிக்குச் சிறிய துணிச்சல் அன்று.

பன்னிரண்டு பாடல்கள், அவற்றுக்கு இடையிடையே பெரும்பாலும் சில நொடிகளே ஓடும் எட்டு இணைப்புத் துணுக்குகள். உறுதிமொழி ஒன்றோடு தொடங்கி, 'ரிதம் நேஷன்', 'ஸ்டேட் ஆஃப் தி வேர்ல்டு', 'தி நாலெட்ஜ்' என்று சமூகம் பேசும் மூன்று பாடல்களும் மூச்சுவிட இடமில்லாமல் அடுத்தடுத்து வந்துவிடும். அதன் பிறகு, சொல்ல வந்தது புரிந்ததா, சரி, இனி ஆடலாம் என்ற பொருளில் மூன்று நொடிக்கு ஒரு குரல். அது முடிந்ததும் 'மிஸ் யூ மச்' என்ற காதல் பாட்டு வந்து குதிக்கும். வணிகம் அறிந்த எவரும் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் வைத்திருப்பார்கள். விற்கக்கூடிய பாட்டை முன்னால் வைத்து, உபதேசத்தைப் பின்னால் ஒளித்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவில் கலைநிகழ்ச்சிக்கு வந்த கூட்டம் கலைந்துவிடும் என்று பயந்து, தலைவர்களின் பேச்சை இரண்டு பாட்டுக்கு நடுவில் செருகுவார்கள் அல்லவா, அந்தத் தந்திரம் இங்கே இல்லை. பேச்சே ஆட்டமாக இருந்தால் அதை ஒளிக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கிற தன்னம்பிக்கை இந்த வரிசையில் இருக்கிறது.

இவையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. 1993 தை மாதத்தில், எங்கள் களத்தில் அடித்த சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகாமல் நான்கைந்து நாள் குவிந்து கிடந்தபோது, இரவுக் காவலுக்கு என்னை அனுப்பினார்கள். துணைக்கு, எங்கள் வயலில் வேலை செய்த பெரியவர் ஒருவர் வந்தார். அவர் தப்பு என்னும் பறை அடிப்பதில் சுற்று வட்டாரத்தில் பெயர் பெற்றவர். என் தந்தையின் வயது அவருக்கு. ஆனாலும் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பேன், அவர் என்னைத் தம்பி, நீங்கள் என்பார். அதில் பிசகு ஏதும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றியதே இல்லை. பேட்டரி போட்ட டூ இன் ஒன் ரேடியோ கேசட் பெட்டியில் நாடாவின் முதல் பக்கத்தை ஓடவிட்டேன். ஆங்கிலத்தில் எனக்கு ஒரு வரிகூடப் பிடிபடாத காலம் அது. அவர் போர்வைக்குள் இருந்தபடி முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே மூன்று பாட்டுகளையும் கேட்டார்.

"அடி சுத்தமா விழுவுது தம்பி. ஆனா அடிக்கிறவனுக்கு மூச்சே இல்லீங்களே?"

"ஆள் இல்லை, மெஷின் அடிக்குது" என்றேன்.

"அதானே பாத்தேன். மனுசன்னா நாலு சுத்துக்கு ஒருவாட்டி கை தளரும்ல."

தொகுப்பைப் பற்றி அதன்பின் நான் படித்த திறனாய்வு எதிலும் இவ்வளவு சுருக்கமான ஒரு குறிப்பைக் கண்டதில்லை. 'ரிதம் நேஷன்' பாட்டின் அடித்தளம், ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து வெட்டி எடுத்து, வட்டமாகத் திரும்பத் திரும்பச் சுழலவிட்ட கிட்டார் துணுக்கு. அதன்மேல் தாளப்பொறி, அணிவகுப்பில் பூட்ஸ் கால்கள் விழுவதைப் போல, ஒரு மயிரளவும் விலகாமல் அடித்துக்கொண்டு போகிறது. பெரியவர் சொன்ன மூச்சு தாளத்தில் இல்லைதான். அது குரலில் இருக்கிறது. ஜானட்டின் குரல் பெரிய குரல் அன்று. மெலிதானது, காற்றுக் கலந்தது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போன்றது. அந்தக் குரல் இரும்புச் சத்தத்துக்கு நடுவே நின்று, நிறபேதத்தைத் தாண்டி ஒன்றாய் வாருங்கள் என்று அழைக்கும்போது, மேடையில் கேட்டால் சலிப்பூட்டக்கூடிய ஒரு வாக்கியம் சலிப்பூட்டாமல் காதில் இறங்குகிறது. தாளமும் மெலிந்து, குரலும் மெலிந்திருந்தால் இந்தப் பாட்டு நின்றிருக்காது என்பது என் முடிவு.

அதற்குச் சான்று தொகுப்பிலேயே இருக்கிறது. ஆறாவது பாடலான 'லிவின் இன் எ வேர்ல்டு', 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப்பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சியின் பாதிப்பில் பிறந்தது. பெரியவர்கள் செய்துவைத்த உலகத்தில் குழந்தைகள் வாழ நேர்கிறதே என்ற வருத்தம் அதன் பொருள். பொருளில் குறை இல்லை. ஆனால் இசை இங்கே மெத்தென்று ஆகிவிடுகிறது. அழ வேண்டிய இடத்தை இசையே விரலால் சுட்டிக்காட்டுகிறது. எனக்கு இது தொகுப்பின் பலவீனமான இடம். 'ஸ்டேட் ஆஃப் தி வேர்ல்டு' வீடற்றவர்களையும் பசியையும் பற்றிப் பேசிக்கொண்டே இடுப்பை அசைக்க வைக்கிறது. அசைத்த பிறகுதான் எதற்கு அசைத்தோம் என்று கூசுகிறது. அந்தக் கூச்சம்தான் பாட்டின் வேலை. 'தி நாலெட்ஜ்' கேள்வியும் பதிலுமாகப் போவது: அறியாமை வேண்டுமா, எழுத்தறிவின்மை வேண்டுமா என்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்க, கூட்டம் வேண்டாம் என்று கத்தும். 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைக்குழுக்கள் ஊர்ச் சாவடிகளில் நடத்திய பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இராது.

பாட்டின் வழியே இடித்துரைப்பது காவிரிப் படுகைக்குப் புதிதும் அன்று. மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், பெரியபுராணத்தில் சுருக்கமாக வரும் நந்தன் கதையை எடுத்து, அதில் இல்லாத வேதியப் பண்ணையாரை உண்டாக்கி, சிதம்பரம் போக ஆளுக்கு விடுப்புக்கூடக் கிடைக்காத பண்ணை வாழ்க்கையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மெட்டுக் கட்டினார். கனமான இராகங்களோடு நொண்டிச்சிந்து போன்ற எளிய மெட்டுகளையும் அவர் கையாண்டார். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அந்நூலில் இலக்கண வழுக்கள் உள்ளன என்று சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதையும், பிறகு பாரதியார் பாடக் கேட்டு உருகிக் கொடுத்ததையும் உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஏட்டில் பார்த்தபோது குறையாகத் தெரிந்தது செவியில் விழுந்தபோது குறையாகத் தெரியவில்லை. ஜானட்டின் வரிகளையும் தாளில் எழுதிப் படித்தால் பள்ளி ஆண்டுவிழா உறுதிமொழி போலத்தான் இருக்கும், படிக்காதீர்கள், கேளுங்கள்.

விற்பனைக் கணக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரே தொகுப்பிலிருந்து ஏழு பாடல்கள் அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலின் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. வேறெந்தத் தொகுப்பும் இதைச் செய்ததில்லை. 1989, 1990, 1991 என மூன்று ஆண்டுகளிலும் இதன் பாடல் ஏதேனும் ஒன்று முதலிடத்தில் இருந்தது. 1990இல் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற தொகுப்பும் இதுவே. ஆனால் முதலிடம் பெற்ற நான்கும், 'மிஸ் யூ மச்', 'எஸ்கபேட்', 'பிளாக் கேட்', 'லவ் வில் நெவர் டூ', சமூகப் பாடல்கள் அல்ல. 'ரிதம் நேஷன்' இரண்டாம் இடத்தோடு நின்றது. இதை வைத்து, மக்கள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு செய்தியை விட்டுவிட்டார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. எஸ்கபேட்டுக்காகக் கேசட் வாங்கியவன் அதை அடைய முதல் பக்கத்தைக் கடந்தே ஆக வேண்டியிருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாடாவைச் சுற்றிவிட்டால் பேட்டரி தீரும் என்பது எங்களுக்குத் தெரியும்.

காணொளியைப் பல ஆண்டுகள் கழித்து, கேபிள் வந்த பிறகே பார்த்தேன். டொமினிக் சேனா இயக்கிய அரைமணி நேரக் குறும்படத்தில், கறுப்புச் சீருடையணிந்த கூட்டம் ஒரே உடலாக ஆடுகிறது. ஆட்டத்தை ஜானட்டும் ஆன்டனி தாமசும் அமைத்தார்கள். முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஆடுபவர்கள் பல நிறத்தவர், அந்தச் சாயல்கள் எல்லாவற்றையும் காட்டக் கறுப்பு வெள்ளைதான் பொருத்தம் என்று ஜானட் விளக்கியிருக்கிறார். 2022இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதிய வேடிக்கையையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை: இந்தப் பாட்டின் காணொளியை ஓடவிட்டால் சில பழைய மடிக்கணினிகள் செயலிழந்துவிடுமாம். நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுழலும் வன்தட்டின் இயல்பதிர்வும் பாட்டில் உள்ள ஓர் அலைவெண்ணும் ஒத்துப்போனதே காரணம். பாட்டு ஓடாத பக்கத்துக் கணினியும்கூட நின்றதாம். பெரியவர் இருந்திருந்தால், தப்பை அதிர அடித்தால் பரண் மேலிருக்கும் பித்தளைச் சொம்பு தானாகப் பேசும், அதுபோலத்தான் என்று சொல்லியிருப்பார்.

அவர் 2004இல் காலமானார். அதற்கு இரண்டாண்டு கழித்து, சென்னையில் குறுந்தட்டு வாங்கி, முதன்முறையாகத் தொகுப்பைக் கடைசிவரை கேட்டேன். 'சம்டே இஸ் டுநைட்' முழுதாக முடிந்தது. அதற்கும் பிறகு, என் நாடாவில் இடமில்லாமல் போன ஒரு நிமிடத் துணுக்கு ஒன்று வந்தது. முழு இருட்டில் நாம் எல்லோரும் ஒன்றுதான், அறிவும் விவேகமும்தான் நம்மை வேறுபடுத்துகின்றன, கண்ணை நம்பி ஏமாந்துவிடாதே என்று ஜானட் தாழ்ந்த குரலில் சொல்கிறார். உறுதிமொழியோடு தொடங்கியது இந்த இடத்துக்கு வந்துசேரத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. தட்டை நிறுத்திவிட்டு, களத்தில் நெற்குவியலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நாங்கள் படுத்திருந்ததை நினைத்துக்கொண்டேன். அவரை நான் எப்படிக் கூப்பிட்டேன் என்பதையும்.

இப்போது கைப்பேசியில் கேட்கும்போதும், கடைசிப் பாட்டின் நடுவில் ஓர் இடம் வந்தால், டூ இன் ஒன்னின் பொத்தான் 'டக்'கென்று எழும்பும் சத்தத்துக்குக் காது காத்திருக்கிறது. அது எழும்பியதும் "முடிஞ்சிட்டா தம்பி?" என்று அவர் கேட்பார், முடிந்துவிட்டது என்பேன்.