முதுகில் ஊசி போட்டாயிற்று, மரப்பு விட்டபிறகு?

சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி விட்டு, வீங்கிய புரோஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி. ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் முதுகில்தான் மரப்பு ஊசி. நோயாளி விழித்திருப்பதில் ஒரு லாபம் உண்டு. கழுவ ஓடும் கிளைசின் நீர் ரத்தத்தில் அதிகம் ஏறினால் சோடியம் இறங்கும். விழித்திருப்பவர் "குமட்டுது, கண் மங்குது" என்று சொல்லிவிடுவார். பைபோலார் என்ற வகைக் கருவியில் உப்பு நீரான சலைனே ஓடுவதால் அந்தப் பயம் குறைவு.

ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆபரேஷன் தேதியே தள்ளிப்போகும்.

உட்காரவைத்து, தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, தாடையை நெஞ்சில் பதித்து, இறால் மாதிரி வளையச் சொல்வார்கள். இடுப்பில் 3, 4ஆம் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெல்லிய 25 நம்பர் ஊசி இறங்கும். முதுகுத்தண்டின் தெளிந்த நீர் சொட்டியதும் 0.5 சதவீத ஹெவி பூபிவக்கைன் என்ற மரப்பு மருந்து, வழக்கமாக இரண்டரை முதல் மூன்று மில்லி. பாதம் வெதுவெதுக்கும், பிறகு கால் கனக்கும். தொப்புள் வரை மரக்க வேண்டும். இல்லையென்றால் நீரில் சிறுநீர்ப்பை உப்பும்போது வலி தெரியும். பிரஷர் இறங்கினாலும் குமட்டும். பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள்.

இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் மரப்பு விடும். அப்போது படுத்துவது பெரும்பாலும் சுரண்டிய புண் அல்ல, யூரின் டியூப். அதன் நுனியிலுள்ள பலூன் உறுத்த, சிறுநீர்ப்பை தன்பாட்டுக்கு இறுகும். டியூப் இருந்தும் "அவசரமா ஒண்ணுக்கு வருது" என்பார்கள். டியூப் ஓரமாகவும் கசியும். இதற்கு வலி ஊசி கேட்பதற்கு முன் யூரின் சேரும் பையைப் பாருங்கள். கழுவ விடும் சலைன் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை, அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது என்றால் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. சலைனை நிறுத்தச் சொல்லி நர்ஸை அழையுங்கள். 50 மில்லி சிரிஞ்சில் சலைன் ஏற்றி உறிஞ்சி எடுத்தால் நொடியில் நிம்மதி. அடைப்பு இல்லாமலே சிறுநீர்ப்பை இறுகினால் ஆக்ஸிபியூட்டினின், சோலிஃபெனசின் வகை மாத்திரை. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்; முதியவர்கள் சிலருக்கு இதில் புத்தி தடுமாறும். அவசரமாக வருகிறதே என்று முக்கினால் ரத்தம் கூடும்.

பொது வலிக்குப் பாராசிட்டமால் 1 கிராம், 6 மணிக்கொரு தரம். எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் குறைத்துத்தான். டைக்ளோஃபினாக் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. டிரமடால் மலச்சிக்கல் தரும், மறுபடி முக்கல்தான்.

முதுகு ஊசிக்குப் பிறகு தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தால் தலைவலி வராது என்பது பழைய நம்பிக்கை. வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் வரும்: எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் விடும். தண்ணீரும் காபியும் மாத்திரையும் கேட்காவிட்டால், அவர் ரத்தத்திலேயே 20 மில்லி அளவுக்கு எடுத்து முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே செலுத்தி, ஊசி போட்ட ஓட்டையை அடைப்பார்கள்.