அஃப்ரோடைட்டியை எடுத்துவிட்டால்

கிரேக்கக் காவியத்தைப் படமாக்கும்போது முதலில் வெட்டுப்படுவது தெய்வங்கள்தான். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று எடுத்துவிடுகிறார்கள். ஆனால் இலியட், ஒடிசி காவியங்களைப் பாடிய ஹோமரிடம் தெய்வம் அலங்காரம் அல்ல, கதையைத் தாங்கும் தூண்.

டிராய் போரைச் சொல்லும் இலியட்டின் மூன்றாம் காண்டத்தைப் பாருங்கள். ஸ்பார்ட்டா மன்னன் மெனலாஸ், தன் மனைவி ஹெலனைக் கவர்ந்துபோன டிராய் இளவரசன் பாரிஸின் தலைக்கவசத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கிறான். தாடைவாரை அறுத்து, மூடுபனியில் மறைத்து, பாரிஸைப் படுக்கையறைக்கே கொண்டு சேர்க்கிறாள் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி. 2004-இல் வந்த 'டிராய்' படத்தில் அவள் இல்லை. பாரிஸ் தவழ்ந்துபோய் அண்ணன் ஹெக்டரின் காலைப் பிடித்துக்கொள்கிறான். வேறு வழியில்லாமல் ஹெக்டர் மெனலாஸைக் கொல்கிறான். காட்சியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒடிசியின் நான்காம் காண்டத்தில் தந்தையைத் தேடி ஸ்பார்ட்டா போகும் ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸை வரவேற்பவன் இதே மெனலாஸ்! மெனலாஸின் அண்ணனும் கிரேக்கப் படைத்தலைவனுமான அகமெம்னனையும் படத்தில் டிராயிலேயே கொன்றுவிடுகிறார்கள். ஊர் திரும்பும் அவனைக் கொல்ல வீட்டில் காத்திருக்கும் மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா என்ன செய்வாள்? அந்தக் கொலையில் தொடங்கும் நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் மூன்று நாடகங்களுக்கும் அடித்தளம் போயிற்று.

இலியட்டின் இருபத்திரண்டாம் காண்டத்தில் இழப்பு இன்னும் பெரிது. தம்பி டெய்ஃபோபஸின் உருவில் வந்து, கிரேக்க வீரன் அகிலீஸிடமிருந்து ஓடும் ஹெக்டரை நிற்கவைக்கிறாள் தெய்வம் அதீனா. ஈட்டி கேட்டுத் திரும்புகிறான், பின்னால் யாருமில்லை. தன் சாவு வந்துவிட்டது என்று அந்தக் கணத்தில்தான் அவனுக்குத் தெரிகிறது. படத்தின் வாள்சண்டை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தத் தனிமை அதில் இல்லை.

பத்தாண்டுப் போரைச் சில வாரங்களாகச் சுருக்கியதும் தவறு. கப்பல் பலகைகள் உளுத்து, கயிறுகள் இற்றுப்போன படையின் சலிப்பு இல்லாமல் அகிலீஸின் கோபத்துக்குக் கனம் ஏது?

ஹெக்டரின் தந்தையான டிராய் மன்னர் பிரயாம், மகனின் உடலைக் கேட்டு அகிலீஸிடம் வரும் காட்சி மட்டும் தப்பித்தது. காவியத்தில் தூதுத் தெய்வம் ஹெர்மிஸ் வழிகாட்டுகிறான், படத்தில் கிழவர் தானாகவே வருகிறார். ஒன்றும் குறையவில்லை. மகனைக் கொன்ற கையை முத்தமிடுவதில்தான் அந்தக் காட்சியின் உயிர் இருக்கிறது, அது மனிதன் செய்யும் காரியம்.

தெய்வத்தை எடுத்தால் அந்த இடத்தில் அதே வேலையைச் செய்யும் மனிதக் காரணம் வேண்டும். 2024-இல் வந்த 'தி ரிட்டர்ன்' இதைச் செய்திருக்கிறது. ஒடிசியின் அலைச்சலை விட்டுவிட்டு, ஒடிசியஸ் தன் ஊரான இத்தாக்கா திரும்பிய பிறகான பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. காவியத்தில் அதீனா ஒடிசியஸின் தோலைச் சுருக்கிப் பிச்சைக்காரனாக்குவாள். படத்தில் அந்த வேலையைப் போரும் இருபது ஆண்டுகளும் செய்துவிடுகின்றன.