ராவேயில ஆரம்பிச்சு லோன் சாங்ஷன் வரைக்கும்: ஒரு லெட்டரும் ஒரு இனிஷியலும் அலைய விட்ட கதை

போன வாரம் தான் லோன் சாங்ஷன் ஆச்சு. அந்த நிம்மதியில உக்காந்து எழுதுறேன், ஆனா அலைஞ்ச கோவம் இன்னும் முழுசா போகல. பிஎஸ்சி அக்ரி கடைசி வருஷம் போகப்போற தம்பி தங்கச்சிங்க யாராவது படிச்சா ஒரு நடையாவது மிச்சமாகும்னு தான் இது.

படிப்புல மொத மூணு வருஷத்தப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லாரும் படிக்கிறது தான் நானும் படிச்சேன். நம்மள வேலைக்கு ஆளாக்குறது கடைசி வருஷம். ஏழாவது செமஸ்டர் ராவே, அதாவது கிராமத்துல தங்கி விவசாயிங்க கூடவே வேலை பாக்குறது, எட்டாவது செமஸ்டர் ஈஎல்பி, ஒரு யூனிட்ட நாமளே தொழில் மாதிரி நடத்துறது. 2015 ஜூலைல ஸ்டூடன்ட் ரெடினு ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சில்) இதெல்லாம் ஒரே குடைக்கு கீழ கொண்டு வந்துச்சு, அரசு வேளாண் பல்கலைக்கழகம் எதுல படிச்சாலும் இது உண்டு. மாசம் 3000 ரூபா உதவித்தொகையும் அதுல தான் வருது. அந்த 3000 எனக்கு எப்போ வந்துச்சுங்கிறது தனிக்கதை, பின்னாடி சொல்றேன்.

மொத அடி லெட்டர்ல விழுந்துச்சு. எங்க குழுவுல பத்து பேர், எங்களுக்கு ஒரு பிளாக் ஒதுக்கிட்டாங்க. காலேஜ்ல இருந்து வேளாண்மை இணை இயக்குநருக்கு லெட்டர் போயாச்சு, பிளாக் ஆபீஸ்ல உதவி இயக்குநரைப் பார்த்தோம், நல்லபடியா பேசினாங்க, உதவி வேளாண்மை அலுவலர் ஒருத்தரை கூட அனுப்பினாங்க, எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுது. ரெண்டாவது வாரம் தோட்டக்கலை அட்டாச்மென்ட், அதாவது அந்த ஆபீஸ் கூட சேர்ந்து வேலை பாக்குறது. போனா அங்க இருந்த கிளார்க், "எங்களுக்கு லெட்டர் எதுவும் வரலையே"ன்னுட்டார். சார், விவசாய ஆபீஸுக்கு குடுத்திருக்கோமேன்னா, "அது வேற டிபார்ட்மென்ட் மா, இது வேற"ன்னு சொல்லிட்டு ஃபைலைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். நிமிர்ந்து கூட பாக்கல. அவர் சொன்னது சரி தான். தமிழ்நாட்டுல வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் பொறியியல், வேளாண் விற்பனை எல்லாம் தனித்தனி துறை, நாலு வருஷம் படிச்சோம், பரீட்சையிலயும் எழுதினோம், ஆனா லெட்டர்ல நகல் போடணும்னு யாருக்கும் தோணல. அங்க இருந்து காலேஜுக்கு போன் போட்டா லெட்டர் டைப் பண்றவங்க லீவு. மறுபடி புது லெட்டர் கையெழுத்தாகி வர்றதுக்கு அஞ்சு நாள், அந்த அஞ்சு நாளும் அட்டெண்டன்ஸ்ல ஓட்டை. கிராமத்துக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே நாலு துறைக்கும் தனித்தனியா லெட்டர் வாங்கிக்கோங்க, ஒவ்வொண்ணுலயும் குழுவுல இருக்கிற எல்லார் பேரும் பதிவு எண்ணோட இருக்கணும், கூடவே குடுத்த நகல்ல தேதி போட்ட சீல் வாங்கி வெச்சுக்கோங்க. சீல் இல்லாத நகல காட்டினா யாரும் மதிக்க மாட்டாங்க.

பிஆர்ஏ, அதாவது ஊர்க்காரங்களையே வெச்சு ஊரைப் பத்தி தெரிஞ்சுக்கிறது, எல்லாம் நல்லா போச்சு. ஊர் பெரியவங்க மண்ணுல கோலப்பொடி வெச்சு வரைபடம் போட்டுக் குடுத்தாங்க, தண்ணி எங்க நிக்கும், எந்தக் கிணறு எப்போ வத்தும்னு அவங்க சொன்னதுல பாதி எந்தப் புக்குலயும் இல்ல.

அடுத்து மண் மாதிரி. இதுல தப்பு முழுக்க எங்க மேல. எடுத்த முறை சரி: வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குழி பக்கம் விட்டுட்டு, மேல கிடக்கிற சருகை ஒதுக்கி, வி வடிவத்துல 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, ஓரத்துல இருந்து மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துல சீவி, வயல்ல பத்து பதினஞ்சு இடத்துல எடுத்து கலந்து, நாலா பிரிச்சு எதிரெதிர் பங்கை தள்ளி தள்ளி அரை கிலோவுக்கு கொண்டு வந்தோம். எல்லாம் முடிச்சு பையில பேனாவுல எழுதின சீட்டை உள்ள போட்டு கட்டிட்டோம். மண்ணு ஈரம். ரெண்டு நாள் கழிச்சு லேப்ல பிரிச்சா மை மொத்தமும் ஊறிப்போயி எந்தப் பை யார் வயல்னே தெரியல. லேப்ல இருந்தவங்க, பேரும் சர்வே நம்பரும் இல்லாம வாங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பத்து விவசாயிங்க கிட்டயும் திரும்பப் போயி, ஐயா மறுபடி எடுக்கணும்னு நின்னப்ப எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லி மாளாது. அதுல ரெண்டு பேர் அதுக்குள்ள அடியுரம் போட்டுட்டாங்க, அவங்க வயல்ல எடுக்கவே முடியல, உரம் போட்ட உடனே எடுத்தா ரிசல்ட் தப்பா வரும். பென்சில்ல எழுதுங்க. நிழல்ல காயவெச்சுட்டு கட்டுங்க. ஒரு சீட்டு உள்ள சின்ன பிளாஸ்டிக் கவர்ல, இன்னொண்ணு வெளிய கட்டி. சர்வே நம்பரை வயல்லயே நின்னு விவசாயி கிட்ட கேட்டு எழுதிக்கோங்க, அப்புறம் போன்ல கேட்டுக்கலாம்னு விட்டா பாதி பேர் எடுக்க மாட்டாங்க.

அந்த சங்கடம் ஆறுறதுக்குள்ள தென்னைக்கு வேர் மூலமா டானிக் (சத்துக் கரைசல்) கட்டுற செயல்விளக்கம். எங்களுக்கு இடம் குடுத்த பெரியவர் அஞ்சு மரம் விட்டார், தெருவே கூடி நின்னுச்சு. 40 மில்லி டானிக்ல 160 மில்லி தண்ணி கலந்து, வேரை சாய்வா சீவி, பாக்கெட்டுக்குள்ள விட்டு நூலால கட்டியாச்சு. மறுநாள் காலையில போயி பார்த்தா மூணு பாக்கெட் அப்படியே ததும்பி நிக்குது. பெரியவர் திட்டல. "பாப்பா, மரத்துக்குப் பசிக்கல போல"ன்னு மட்டும் சொன்னார், எனக்கு அழுகையே வந்துருச்சு. சீனியர் அக்கா ஒருத்தங்களுக்கு போட்டோ அனுப்பினேன், பார்த்த உடனே சொல்லிட்டாங்க, நீங்க எடுத்தது பழைய வேர், பழுப்பா முத்திப்போனது, அது உறிஞ்சாதுன்னு. பென்சில் தடிமன்ல, சீவினா உள்ள உயிரோட இருக்கிற இளம் வேரா தேடணும், 24 மணி நேரத்துல குடிக்கலைனா அதே வேரை நம்பி உக்காராம வேற வேருக்கு மாத்தணும். அன்னைக்கு சாயங்காலமே மறுபடி தோண்டி மாத்தி கட்டினோம். அடுத்த நாள் விடிகாலையில பெரியவரே வந்து கதவைத் தட்டி, "மூணும் காலி மா"ன்னார். அந்த நாலு மாசத்துல எனக்கு கிடைச்ச பெரிய மார்க் அது தான்னு இப்பவும் நினைக்கிறேன். அடுத்த வாரம் பக்கத்து தோப்புக்காரங்க ரெண்டு பேர் அவங்களாவே கூப்பிட்டாங்க.

ரெக்கார்ட் நோட்டைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். தினமும் கையெழுத்து வாங்கணும்னு விதி, வாரக் கடைசியில மொத்தமா வாங்கிக்கலாம்னு எல்லாரும் விடுவாங்க, நாங்களும் விட்டோம். எங்க அலுவலருக்கு நடுவுல டிரான்ஸ்பர் வந்துருச்சு. புதுசா வந்தவர், நான் பாக்காத நாளுக்கு நான் எப்படி போடுறதுன்னு கேட்டார், கேட்டதும் நியாயம். பழையவரைத் தேடி பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறிப்போயி, அவர் ஃபீல்டுல இருந்து வர்ற வரைக்கும் சாயங்காலம் ஆறு மணி வரை வாசல்ல உக்காந்து, பதினெட்டு கையெழுத்து வாங்கிட்டு வந்தேன். அவர் நல்ல மனுஷன், போட்டுக் குடுத்தார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க.

இப்ப இனிஷியல். நம்ம ஊர்ல அப்பா பேரோட மொத எழுத்து முன்னாடி வரும். டிகிரி, மார்க்‌ஷீட் எல்லாத்துலயும் எனக்கு அப்படித்தான். ஆதார்ல அப்பா பேர் முழுசா பின்னாடி நிக்குது, பேங்க் அக்கவுண்ட் ஆதாரை வெச்சு திறந்தது. உதவித்தொகை லிஸ்ட்ல காலேஜ் பேரும் அக்கவுண்ட் பேரும் ஒத்துப்போகலைன்னு என் பணம் மட்டும் திரும்பிப் போயிருக்கு, யாரும் சொல்லல, கூட இருந்தவங்களுக்கு ரெண்டு மாசம் வந்த அப்புறம் தான் எனக்கே தெரியும். பேங்க் பாஸ்புக் நகலும் ஒரு விளக்கக் கடிதமும் குடுத்து ராவே முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு தான் மொத்தமா வந்துச்சு. அப்பவே நோட்டரி கிட்ட போயி, ரெண்டு விதமா எழுதியிருக்கிற பேரும் ஒரே ஆளோடது தான்னு ஒரு அஃபிடவிட் போட்டு வெச்சிருக்கணும். விட்டுட்டேன். அது திரும்பவும் வந்து கழுத்தைப் பிடிச்சுது.

ஈஎல்பியில நாற்றங்கால் எடுத்தேன். 98 குழி புரோட்ரே (நாத்து வளர்க்கிற குழித்தட்டு), மக்கின தென்னைநார்க்கழிவு, தக்காளி, மிளகாய், கத்தரி. மொத பேட்ச் தக்காளி நாத்து அழுகல்ல பாதிக்கு மேல போச்சு, தண்ணி அதிகமா விட்டுட்டோம். ரெண்டாவது பேட்சுக்கு கேவிகே, அதாவது வேளாண் அறிவியல் நிலையம், போயி கேட்டோம், அங்க இருந்த சயின்டிஸ்ட் ட்ரேயைத் தூக்கிப் பார்த்துட்டு, விதையை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியில (அழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சை) நேர்த்தி பண்ணீங்களான்னு தான் மொதல்ல கேட்டார். பண்ணல. அப்புறம் பண்ணினோம், அழுகல் நின்னுச்சு. நாட்டுலயே மொத கேவிகே 1974ல புதுச்சேரியில தான் ஆரம்பிச்சாங்க, ஆனா படிப்பு முடிச்சவங்க நிறைய பேர் அது விவசாயிங்களுக்கு மட்டும்னு நினைச்சு உள்ளயே போறதில்ல. போங்க, நமக்கும் தான் அது. கணக்கு நோட்டு எழுதினது தான் ஈஎல்பியில எனக்கு பெரிய உதவி. ஒரு நாத்துக்கு விதை எவ்வளவு, நார்க்கழிவு எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு, செத்தது எவ்வளவுன்னு பைசா வரைக்கும் இருந்துச்சு. பின்னாடி பேங்க்ல அதுதான் பேசுச்சு.

டிகிரி முடிச்சதும் வேலைக்கு அலையாம அக்ரி கிளினிக் திட்டத்துல போயிட்டேன். வேளாண் படிச்சவங்க சொந்தமா தொழில் தொடங்குறதுக்கு 2002ல ஆரம்பிச்ச மத்திய அரசு திட்டம், ஹைதராபாத்ல இருக்கிற மேனேஜ் (தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம்) மூலமா 45 நாள் தங்கிப் படிக்கிற பயிற்சி, அதுக்கப்புறம் பேங்க் லோன், நபார்டு மானியம். பயிற்சி நல்லா போச்சு. பேங்க் தான் நல்லா போகல.

மொத தடவை போனப்ப லோன் சீட்ல இருந்தவர் பேப்பரை வாங்கவே இல்ல. "அப்படி ஒரு ஸ்கீம் எங்ககிட்ட இல்லை மா, நகை இருந்தா கொண்டாங்க"ன்னார். ரெண்டாவது தடவை வழிகாட்டு நெறிமுறையை முழுசா பிரின்ட் எடுத்துட்டுப் போனேன், அதைப் புரட்டிட்டு, பயிற்சி சர்டிபிகேட்ல இருக்கிற பேரும் டிகிரியில இருக்கிற பேரும் வேற வேறன்னு திருப்பிக் குடுத்துட்டார். பயிற்சிக்கு ஆதாரைக் குடுத்து சேர்ந்திருந்தேன், அதே இனிஷியல். அன்னைக்கே நோட்டரி அஃபிடவிட். மூணாவது தடவை அவரை விட்டுட்டு நேரா மேனேஜரைப் பார்த்தேன். ஈஎல்பி கணக்கு நோட்டை அவங்க தான் திறந்து பக்கம் பக்கமா பார்த்தாங்க, செத்த நாத்தையும் எழுதி வெச்சிருக்கியேன்னு கேட்டாங்க, அங்க இருந்து பேச்சே மாறிப்போச்சு.

அப்பவும் ஒரு சிக்கல். ப்ராஜெக்ட் 8 லட்சம். மானியத்தை 36 சதவீதம்னு போட்டு 2 லட்சத்து 88 ஆயிரம்னு எழுதியிருந்தாங்க. பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி பிரிவுக்கும் 44 சதவீதம், அப்போ 3 லட்சத்து 52 ஆயிரம் வரணும். நெறிமுறையில அந்த வரியை நான் முன்னாடியே கோடு போட்டு வெச்சிருந்தேன், எடுத்து காட்டினேன், மேனேஜர் படிச்சுட்டு அங்கயே திருத்தினாங்க. 64 ஆயிரம் ரூபா வித்தியாசம், கேக்காம இருந்திருந்தா போயிருக்கும். இன்னொண்ணும் கவனிங்க, அந்த மானியம் கையில வராது, பேங்க்லயே தனியா நிக்கும், கடைசியில தான் லோன்ல கழிப்பாங்க, ஆனா அந்தத் தொகைக்கு வட்டி போடக்கூடாது. சாங்ஷன் லெட்டர்ல அது எழுதியிருக்கான்னு பார்த்துட்டு கையெழுத்து போடுங்க.

வேலைக்குப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. இப்ப டிகிரி பேர் பிஎஸ்சி ஹானர்ஸ் அக்ரிகல்ச்சர். கூடப்படிச்ச ஒருத்திக்கு சர்டிபிகேட் சரிபார்ப்புல, அறிவிப்புல பிஎஸ்சி அக்ரின்னு தான் இருக்கு, ஹானர்ஸ்னு இல்லையேன்னு நிறுத்தி வெச்சுட்டாங்க. ரெண்டும் ஒண்ணு தான்னு யுனிவர்சிட்டியில ஒரு கடிதம் வாங்கிக் குடுத்த அப்புறம் தான் விட்டாங்க. டிசி வாங்கப் போற அன்னைக்கே அதையும் கேட்டு வாங்கிடுங்க.

எனக்கு இப்ப நிழல்வலைக் கூடாரத்துக்கு ரெண்டு கொட்டேஷன் வந்தாச்சு, மூணாவது வரணும், மூணு இல்லாம பேங்க்ல மொத தவணை விட மாட்டாங்களாம். அந்த மூணாவது கொட்டேஷன் குடுக்கிறவர் திங்கக்கிழமை தர்றேன்னு சொல்லியிருக்கார். இந்த தடவை கொட்டேஷன்ல பேரு எப்படி எழுதணும்னு நானே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.