டாஃப் படிவத்தில் 'பின்னல்' என்று எழுதினேன்

யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் (ஐ.ஏ.எஸ். தேர்வு) இறுதிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. இந்தப் படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். புத்தகப் பட்டியல், டெஸ்ட் சீரிஸ் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது, டாஃப் என்னும் விரிவான விண்ணப்பப் படிவத்தில் பொழுதுபோக்கை எழுதும் கட்டத்தைப் பற்றித்தான். 275 மதிப்பெண்ணுக்கான நேர்முகத் தேர்வு அறைக்குள் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

படிவத்துக்காகக் கற்றதில்லை. முந்தைய முறை மெயின்ஸில் (முதன்மை எழுத்துத் தேர்வில்) பெயர் வராத அந்த ஜனவரியில் எனக்கு ஒரு பக்கம்கூட மண்டையில் ஏறவில்லை. டெல்லி ஓல்ட் ராஜேந்தர் நகரில் நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டி, மொட்டை மாடி வெயிலில் பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். "உட்காரு பேட்டா" என்று ஒரு ஜோடி சலாயும் (பின்னல் ஊசியும்) மிச்ச நூலும் கையில் கொடுத்தார். சீதா ஃபந்தா (நேர்க் கண்ணி), உல்டா ஃபந்தா (மறு கண்ணி). அடிப்படை அந்த இரண்டே கண்ணிதான். ஒரு வரிசை சீதா, அடுத்த வரிசை உல்டா என்று போனால் முன்பக்கம் வழவழவென்று 'வி' 'வி'யாக இறங்கும். அதைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரு வரிசை என்று நள்ளிரவு தாண்டும். "அக்கா, படிக்கிற நேரத்துல ஸ்வெட்டரா?" என்று பக்கத்து அறைத் தங்கை கேட்டாள். கை ஓடினால்தான் எனக்குக் காது கேட்கிறது; நடப்பு நிகழ்வுகள் முழுவதையும் ஆடியோவில் கேட்டுப் பின்னியபடியே முடித்தேன்.

நேர்முகத் தேர்வு நடக்கும் யுபிஎஸ்சி அலுவலகமான தோல்பூர் ஹவுஸில் கேட்டது: உங்கள் பின்னலுக்கும் திருப்பூருக்கும் என்ன தொடர்பு? நெசவில் பாவு நூலும் ஊடு நூலும் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடும். பின்னலில் நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகும், அதனால்தான் பனியன் துணி இழுத்தால் நீள்கிறது என்றேன். கைப்பின்னலைப் பார்த்து 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ செய்த காலுறை எந்திரத்தைச் சொன்னேன். அடுத்து, பஷ்மினா சால்வையும் பின்னலா? இல்லை, நெசவு; லடாக்கின் சாங்தாங்கி ஆட்டு ரோமம். கை அசைத்துப் பேசிக்கொண்டிருந்தேன், பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பின்ன நினைப்பவர்களுக்கு:

- 8ஆம் எண் ஊசி, அதாவது 4 மி.மீ. நம் கடைகளில் எண் கூடினால் ஊசி மெலியும். 10ஆம் எண் 3.25 மி.மீ.
- கறுப்பு நூல் வேண்டாம். கண்ணி தெரியாது.
- முதல் மஃப்ளரை எல்லா வரிசையும் சீதாவாகவே போடுங்கள். ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா என்று மாற்றிப் போட்டால் ஓரம் சுருளும். பனியனை வெட்டினால் ஓரம் சுருள்வதும் இதனால்தான்.
- சிசாட் (முதல்நிலைத் தேர்வின் திறனறித் தாள்) கணக்கு, விடை எழுதும் பயிற்சி நடக்கும்போது ஊசியைத் தொடக் கூடாது. காதால் கேட்பவற்றுக்கு மட்டும்.
- பொழுதுபோக்கு எதுவானாலும் அதன் மூலப்பொருள் எங்கே விளைகிறது, எங்கே விற்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். எனக்கு ராஜஸ்தான், லூதியானா, லடாக்.
- நூலைத் தீபாவளி முடிந்ததும் கரோல் பாக்கில் வாங்கிவிடுங்கள். ஸ்வெட்டருக்கு வேண்டிய மொத்த நூலையும் ஒரே லாட் நம்பரில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியதாக) எடுங்கள். பிறகு போய் அதே நிறம் கேட்டால் சாயம் லேசாக மாறியிருக்கும், கை ஒரு நிறம் உடம்பு ஒரு நிறமாகிவிடும்.