பெயரில்லாத பெண் கங்கா ஆனபோது
கதையை யார் சொல்வது, பாத்திரத்துக்குப் பெயர் வேண்டுமா, இந்த இரண்டையும் நான் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, அவனால் சீரழிக்கப்படும் கல்லூரிப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. படர்க்கையில் நகரும் கதை. அம்மா அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். யார் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம், அதற்குப் பெயரின்மையே பலம்.

அப்புறம் அதே கதையை வேறு திசையில் வளர்த்து அவர் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். இங்கே விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது, வாழ்க்கையே தடம் மாறுகிறது. அவளுக்கு கங்கா என்று பெயர் வருகிறது, ‘நான்’ என்று பேசவும் தொடங்குகிறாள். அவளுடைய அம்மாவின் அண்ணன் வெங்கு மாமாவின் பார்வை எவ்வளவு அருவருப்பானது என்பதை அவள் சொல்லிக் கேட்டால்தான் உறைக்கும். ஆசிரியர் விளக்கியிருந்தால் அது வெறும் தகவல்.

எழுத வரும் தம்பி தங்கைகள் இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். சிறுகதையை முதலில்.