வசனத்தாள் இல்லாத நாடகம்: மூத்த மகனை வாசலில் நிறுத்துவது எப்படி

தலையில் துண்டு, பஞ்சுத் தாடி, மனப்பாடம் செய்த வசனம். கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் பெரும்பாலும் இதுதான். இது வேறு. இதில் வசனத்தாளும் இல்லை, ஒத்திகையும் இல்லை, பார்வையாளரும் இல்லை. வாலிபர் கூடுகைக்கு வந்த 12 முதல் 20 பேரும் கதைக்குள்ளிருந்து பேசுவார்கள். பிப்லியோட்ராமா என்பது இதற்குப் பெயர்.

முதல் தடவைக்கு வேதாகமத்தில் லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் கெட்ட குமாரன் கதை நல்லது. பங்கை வாங்கிக்கொண்டு போன இளைய மகன் எல்லாவற்றையும் அழித்து, பன்றி மேய்த்து, வீடு திரும்புகிறான். தகப்பன் மோதிரம் போட்டு, கன்று அடித்து விருந்து வைக்கிறான். மூத்த மகன் கோபித்துக்கொண்டு உள்ளே வர மறுக்கிறான். ஆனால் இளையவனை விட்டுவிடுங்கள். பன்றித் தொழுவத்துக்குள் நுழைந்தால் இருபது நிமிடம் சிரிப்பிலேயே போய்விடும். 25-ஆம் வசனத்தில், மூத்தவன் வயலிலிருந்து திரும்பும் இடத்தில் தொடங்குங்கள்.

நடத்துபவர் முந்தின நாளே பென்சிலோடு உட்கார்ந்து, வேத வசனம் எங்கே வாய் மூடியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் அம்மாவைப் பற்றிப் பேச்சே இல்லை. 12-ஆம் வசனத்தில் தகப்பன் ஆஸ்தியை 'அவர்களுக்கு' பங்கிடுகிறான். அப்படியானால் மூத்தவனுக்கும் பங்கு உண்டு. உபாகமம் 21:17 கணக்குப்படி தலைமகனுக்கு இரட்டைப் பங்கு, அதாவது இங்கே மூன்றில் இரண்டு. அடித்த கன்று யாருடையது? 'வேசிகள்' என்ற குற்றச்சாட்டு 30-ஆம் வசனத்தில் அண்ணன் வாயில்தான் வருகிறது. கதை சொல்பவர் 'துன்மார்க்கமாய்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 'என் தம்பி' என்றும் அவன் சொல்வதில்லை. 'உம்முடைய குமாரனாகிய இவன்' என்கிறான். கடைசியில் உள்ளே போனானா? அதுவும் எழுதப்படவில்லை. உங்கள் கேள்விகள் எல்லாம் இந்த இடைவெளிகளிலிருந்தே வர வேண்டும்.

நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, திறந்த பக்கத்தில் இரண்டை ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். அதுதான் வாசல். வேறு பொருள் எதுவும் வேண்டாம். துண்டைக் கண்டாலே காமெடி தொடங்கிவிடும்.

முதல் பத்து நிமிடம் பொருள்களுக்கு. மோதிரம், கன்று, வயலில் கிடக்கும் மண்வெட்டி என்று ஆளுக்கொன்றாகி ஒரு வரி பேசட்டும். "நான் மோதிரம். இவ்வளவு நாள் பெட்டிக்குள்ள கிடந்தேன்." மனிதராகப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் மண்வெட்டியாகத் தாராளமாகப் பேசுவார்கள்.

பிறகு 25 முதல் 28 வரை வாசித்து, 'உள்ளே போக மனதில்லாதிருந்தான்' என்ற இடத்தில் நிறுத்துங்கள். எல்லாரையும் பார்த்து: "நீதான் மூத்தவன். பாட்டுச் சத்தம் கேக்குது. கை என்ன பண்ணுது? யாரைப் பாக்குற?" "மூத்தவன் என்ன நினைத்திருப்பான்?" என்று கேட்டால் ஞாயிறு பள்ளிப் பதில்தான் வரும். 'ஏன்' என்று கேட்டால் வாதம் வரும். யாராவது 'அவன்' என்று ஆரம்பித்தால் மெதுவாக 'நான்' ஆக்குங்கள்.

வருகிற பதிலை நீங்களும் 'நான்', 'எனக்கு' என்றே திருப்பிச் சொல்ல வேண்டும், அரை அடி மட்டும் கூட்டி. ஒருவன் "கடுப்பா இருக்கு" என்கிறான். நீங்கள்: "எனக்குக் கடுப்பா இருக்கு. வீட்டுல விருந்து, வயலுக்கு ஒரு ஆள் வந்து சொல்லல. சரியா?" இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அரை அடி மூன்று அடி ஆனால், பேசுவது நீங்கள்தான், அந்தப் பையன் இல்லை.

தமிழில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வேதாகமக் கதை என்றதும் பிள்ளைகள் "தகப்பனே, உமக்கு..." என்று வேதாகமத் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். அந்த மொழிக்குப் பின்னால் கோபம் நன்றாக ஒளிந்துகொள்ளும். "வீட்டுல அப்பாகிட்ட எப்படிப் பேசுவ?" என்று கேட்டால் போதும், குரலே மாறிவிடும்.

தகப்பன் பாத்திரம் இன்னொரு கண்ணி. அது கடவுள் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், யார் ஏற்றாலும் இரண்டு நிமிடப் பிரசங்கம் வரும். ஒருவருக்கே கொடுக்காமல் நான்கு பேரை நாற்காலிக்குப் பின்னால் மாறி மாறி நிறுத்தி, ஆளுக்கு ஒரே வாக்கியம் என்று சொல்லுங்கள். கேலி பண்ணுகிறவனை அதட்ட வேண்டாம், அவன் கேலியையே நிஜமாக எடுத்துக் கேளுங்கள்: "கன்றே, உன்னை யாருக்குன்னு வளர்த்தாங்க?"

பாகப்பிரிவினை, ஓடிப்போன தம்பி எல்லாம் அந்த அறையில் இருப்பவர்கள் வீட்டிலும் இருக்கலாம். யாருக்கும் பாத்திரத்தை நீங்கள் ஒதுக்கக் கூடாது, கேட்டவருக்குத்தான். 'பாஸ்' சொல்லலாம் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் கண் கலங்கினால் "உங்க வீட்டுலயும் இப்படியா?" என்று எல்லார் முன்னிலும் கேட்கவே கேட்காதீர்கள். அடுத்தவரிடம் நகர்ந்து, முடிந்தபின் தனியாக விசாரியுங்கள். 2 சாமுவேல் 13-இல் வரும், தகப்பன்வழிச் சகோதரனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான தாமாரின் கதையை இந்த முறைக்கு எடுக்கவே கூடாது.

இருபத்தைந்து நிமிடத்தில் நிறுத்துங்கள், மூத்தவன் வாசலில் நிற்கும்போதே. போனானா இல்லையா என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள், பாடமும் சொல்லாதீர்கள்.

உடனே வேடம் களைய வேண்டும். எல்லாரும் எழுந்து கையை உதறி, "நான் மூத்த மகன் இல்ல" என்று சொல்லித் தன் பெயரைச் சொல்ல வேண்டும். வாசல் நாற்காலிகளையும் அவர்களே எடுத்து வரிசையில் போடட்டும். இதைத் தவிர்த்தால் கன்றாகப் பேசியவனுக்கு அடுத்த மாதம் வரை கன்றுக்குட்டி என்றே பெயர் நிற்கும். அதன்பின் 25 முதல் 32 வரை இடைநிறுத்தாமல் ஒருமுறை வாசித்து, எந்த வார்த்தை இப்போது வேறு மாதிரிக் கேட்டது என்று மட்டும் கேளுங்கள். இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள்.